பாரம் முதலில், பொடி பிறகு

மருந்துக் கடையின் கண்ணாடி அலமாரியிலும் சூப்பர் மார்க்கெட்டின் நுழைவாயிலிலும் ஜிம்மின் வரவேற்பு மேசையிலும் ஒரே மாதிரியான பெரிய டப்பாக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே திமிறிய தோள்களோடு ஓர் இளைஞனின் படம். கீழே ஒரு ஸ்கூப்பில் இத்தனை கிராம் புரதம் என்ற கணக்கு. வாங்குபவர்களும் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள்தாம். தசை தானாகவே செழித்து வளரும் வயது அது. அதே வீட்டில், தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாத அப்பா இருப்பார். டவுன் பஸ் படியில் கால் வைக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடுமாறும் பாட்டி இருப்பார். அவர்களுக்குக் கிடைப்பதோ "வயசாச்சு, அலட்டிக்காம உட்காருங்க" என்ற அறிவுரைதான். தசை அவசரமாகத் தேவைப்படுபவர்களிடம் அதைப் பற்றிய பேச்சே இல்லை; தேவை குறைந்தவர்களிடம் பொடி விற்பனை கொடிகட்டிப் பறக்கிறது. இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான். தசையைத் தின்று வளர்க்கலாம் என்று நம்புகிறோம். கடந்த முப்பத்தைந்து ஆண்டு ஆய்வுகள் காட்டும் வரிசை வேறு: தசையை வளர்ப்பது பாரம், அதற்குத் துணை நிற்பது உணவு, உணவால் முடியாத சில இடங்களில் மட்டும் பொடி. இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால் நாம் பணத்தை இழப்பதோடு, முதுமையில் நம் கால்களில் நிற்கும் வாய்ப்பையும் இழக்கிறோம்.

வயதாகும்போது தசை குறைவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால், அதற்கென்று மருத்துவத்தில் ஒரு பெயர் வெகுகாலம் இருக்கவில்லை. அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'சார்கோபீனியா' என்று அதற்குப் பெயர் வைத்தார். தசை வறுமை என்று பொருள். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் பலம் இன்னும் விரைவாகக் குறைகிறது. காரணம், தசையை இயக்கும் நரம்புகளும் கூடவே மடிவதுதான். அதிலும் முதலில் அடிபடுபவை திடீர் விசையைத் தரும் வேகத் தசைநார்கள். கால் இடறும்போது சட்டென்று அடுத்த காலை முன்வைத்து விழாமல் காப்பவை அவைதாம். இதோடு நாம் ஊட்டும் ஓய்வும் சேர்ந்துகொள்கிறது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 67 உள்ள ஆரோக்கியமான 12 பேரைப் பத்தே நாட்கள் படுக்கையில் இருக்க வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத் திசு போய்விட்டது. காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்த தாத்தா அதற்குப் பிறகு பழையபடி நடக்கவே இல்லை என்று பல வீடுகளில் சொல்வார்கள். காய்ச்சலைக் குறை சொல்கிறோம். குற்றத்தில் படுக்கைக்கும் பங்கு உண்டு.

தசையைப் பலத்தோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பதும் போதாது. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் கணிசமான பகுதியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். இந்தியர்களுக்கு இந்தக் கிடங்கு தொடக்கத்திலிருந்தே சிறியது. புணேயின் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டனின் யட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புணேக்காரருக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் உடலுக்குள் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருக்கும் இந்த அமைப்புக்கும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வுக் குழு 2023இல் அறிவித்த 10 கோடி இந்திய நீரிழிவு நோயாளிகள் என்ற எண்ணுக்கும் தொடர்பு இருக்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரின் கைப்பிடி வலுவை அளந்த இன்னொரு ஆய்வு 2015இல் வெளிவந்தது. பிடியின் வலு 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது. இரத்த அழுத்த அளவைவிடக் கைப்பிடி நன்றாக ஆயுளைக் கணித்தது. பிடியை இறுக்கினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. உடலின் மொத்த நிலையைத் தசை காட்டிக்கொடுக்கிறது என்பதே பொருள்.

இழந்த தசையை மீட்க முடியுமா என்ற கேள்விக்கு மிகத் துணிச்சலான பதில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து வந்தது. மருத்துவர் மரியா பியாட்டரோன் 1990இல் வெளியிட்ட ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி தரப்பட்டது. பெயருக்குக் கையைக் காலை அசைக்கும் பயிற்சி இல்லை. அவரவர் தூக்க முடிந்த உச்ச எடையின் பெரும்பகுதியைத் தூக்க வைத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. ஊன்றுகோலை விட்டு நடந்தவர்களும் அவர்களில் உண்டு. அடுத்து 1994இல் அதே குழு சராசரி வயது 87 உள்ள 100 பேரை வைத்துப் பெரிய சோதனை ஒன்றைச் செய்தது. நம் வாதத்துக்கு மிகத் தேவையான சோதனை இதுதான். ஒரு பிரிவுக்கு எடைப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு சோயாப் புரதம் கலந்த சத்துப் பானம். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரங்கள் கழித்து, பயிற்சி செய்தவர்களின் தசை பலம் 113 விழுக்காடு கூடியிருந்தது. செய்யாதவர்களுக்கு வெறும் 3 விழுக்காடு. படியேறும் திறனும் நடை வேகமும் கூடின. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கோ இவற்றில் எந்த மாற்றமும் இல்லை. பொடியும் பாரமும் ஒரே மேடையில் நேருக்கு நேர் நின்ற போட்டியில் வென்றது பாரம்.

பொடிக்கு எந்தப் பயனும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன், பிலிப்ஸ் முதலியோர் 2018இல் 49 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். மொத்தம் 1,863 பேர். எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதமும் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை கூடுதலாகக் கிடைத்தது 300 கிராம். ஒரே முறையில் தூக்க முடிந்த உச்ச எடை பயிற்சியால் மட்டும் சராசரியாக 27 கிலோ உயர்ந்தபோது, புரதம் அதற்கு மேல் தந்தது 2.5 கிலோ. ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராம் புரதத்தைத் தாண்டிய பிறகு பயன் கூடவே இல்லை. வயது ஏற ஏறக் கூடுதல் புரதத்தின் பயனும் தேய்ந்தது. இங்கே ஒருவர் நியாயமாக மடக்கலாம்: அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் ஏற்கெனவே போதுமான புரதம் உண்பவர்கள், வயிறு நிறைந்தவனுக்கு விருந்து வைத்துப் பார்த்துவிட்டு விருந்தால் பயனில்லை என்று சொல்லலாமா? இதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. புரதம் குறைவாக உண்ணும் 65 வயதுக்கு மேற்பட்ட ஆண்களைத் தேர்ந்து, ஒரு பிரிவுக்கு கிலோவுக்கு 0.8 கிராம், இன்னொரு பிரிவுக்கு 1.3 கிராம் என்று ஆறு மாதம் உணவு அளித்தார்கள். எடைப் பயிற்சி இல்லை. 2018இல் வெளியான முடிவின்படி தசைத் திசுவிலும் பலத்திலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. நாற்று நடாத வயலில் உரம் கொட்டினால் கதிர் விளையாது.

ஏன் இப்படி என்பதற்கு உடலின் கணக்கு எளிது. தசை பராமரிக்கச் செலவு பிடிக்கும் திசு. தேவை இருக்கிறது என்ற சேதி வராமல் உடல் அதைக் கட்டாது, இருப்பதையும் வைத்திருக்காது. பழக்கத்துக்குச் சற்று மீறிய பாரத்தைத் தூக்கும்போது தசைநாரில் ஏற்படும் இழுவிசைதான் அந்தச் சேதி. சேதி போன பிறகு ஒரு நாள், இரண்டு நாள் வரை தசை புதுப் புரதத்தைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் அதற்கான பொருட்கள். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஷேக்கரைக் கவிழ்க்காவிட்டால் எல்லாம் வீண் என்று ஜிம் மாஸ்டர்கள் பயமுறுத்துவதற்கு அடிப்படை இல்லை. நாள் முழுவதும் உண்ணும் மொத்த அளவே முக்கியம். வயதானவர்களின் தசை இந்தச் சேதிக்கும் புரதத்துக்கும் சற்று மந்தமாகவே அசைந்துகொடுக்கிறது. அதனால்தான் இளைஞரைவிட முதியவருக்கு ஒவ்வொரு வேளை உணவிலும் கூடுதல் புரதம் வேண்டும். மந்தமான செவிக்கு உரக்கப் பேச வேண்டும் என்பது போல, அவர்களுக்குப் பயிற்சியும் கூடுதலாக வேண்டும். நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். வயதானவர்களுக்கு இரவில் இரண்டு இட்லி, பகலில் ரசம் சாதம், நாள் முழுக்க நாற்காலி.

நம் உணவில் புரதம் குறைவு. ஆகவே நமக்குப் பொடி தேவை என்பது அடுத்த வாதம். முதல் பாதி உண்மை. நம் தட்டில் அரிசியும் கோதுமையும்தான் மலை; பருப்பு மடு. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவு உடல் எடையின் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 50 கிராம். முதியோருக்கான பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013இல் 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைத்தது. அதாவது 60 முதல் 72 கிராம். காலையில் நான்கு இட்லியும் சாம்பாரும், மதியம் சோறு, குழம்பு, கூட்டு, மோர், இரவில் மூன்று தோசை, இடையில் இரண்டு டீ என்று கூட்டினால் 40, 45 கிராமுக்கு மேல் தேறாது. குறை இருக்கிறது. அதை நிரப்பப் பொடி ஒன்றே வழி என்ற இரண்டாம் பாதிதான் தவறு. இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10 கிராம். ஒரு தம்ளர் பாலில் 6 கிராம். இந்த மூன்றைச் சேர்த்தாலே 70ஐ எட்டிவிடலாம். முட்டை உண்ணாதவருக்கு ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12 கிராமும், ஐம்பது கிராம் மீல் மேக்கரில் 25 கிராமும் இருக்கின்றன. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். தானியமும் பருப்பும் ஒன்றின் அமினோ அமிலக் குறையை மற்றொன்று ஈடுகட்டும் என்பதால் இட்லி, பொங்கல், அடை ஆகியவற்றின் கலவையில் குற்றம் இல்லை, அளவில்தான் குற்றம். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பருப்பில் இரண்டு கரண்டியைக் கூட்டினால் செலவும் பெரிதாக ஏறாது. நல்ல பெயருள்ள வே (பால்) புரதப் பொடி இன்று கிலோ 2,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அரிது. அந்தப் பணத்தில் ஒரு குடும்பம் மாதம் முழுவதும் முட்டை வாங்கலாம்.

டப்பாவுக்குள் இருப்பது டப்பாவின் மேல் எழுதியதுதானா என்பதும் உறுதி இல்லை. இந்தியாவில் விற்கப்படும் 36 புரதப் பொடிகளைக் கேரள மருத்துவர்கள் முன்னின்று ஆய்வகத்தில் சோதித்து 2024இல் 'மெடிசின்' என்ற இதழில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டில் புரத அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 விழுக்காட்டில் கல்லீரலைக் கெடுக்கும் பூஞ்சை நச்சான அஃப்லடாக்சின் இருந்தது. 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லியின் எச்சம். அதே ஆண்டு மே மாதம் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, உடலைத் தேற்றுவதற்காகப் புரதப் பொடிகளை எடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது. அவற்றில் சர்க்கரையும் செயற்கை இனிப்பும் வாசனைப் பொருட்களும் சேர்க்கப்படுவதையும் சுட்டிக்காட்டியது. அந்த அறிவுரையில் பொதுமக்களுக்கு வேண்டிய சாரம் இருக்கிறது. ஆனாலும் ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாத இடங்கள் உண்டு. பல் இல்லாமல் மெல்ல முடியாத முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் பசி அற்றுப்போனவர், இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடித்தவர், நீண்ட காய்ச்சலுக்குப் பின் எடை இழந்தவர் ஆகியோருக்கு மருத்துவரோ உணவு ஆலோசகரோ பார்த்துத் தரும் பொடி உண்மையான உதவி. அது அவர்களுக்கு மருந்துபோல, அளவோடு, காலக்கெடுவோடு. அவர்கள் யாரும் அந்த டப்பாவின் படத்தில் இல்லை என்பதுதான் விந்தை.

புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் ஊரில் உலவுகிறது. இதில் இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். சிறுநீரகம் நலமாக உள்ளவர்களிடம், வழக்கத்தைவிட அதிகப் புரதம் உண்பதால் அதன் செயல்திறன் குறைவதாகத் தெரியவில்லை என்றே 2018இல் 28 சோதனைகளைத் தொகுத்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்பது வெறும் பயம். ஆனால், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பரவிய நம் ஊரில், தங்கள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் பலர். அறிகுறி காட்டாமலே முற்றும் நோய் அது. எனவே, நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் உணவில் புரதத்தைப் பெரிதாகக் கூட்டும் முன் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரில் புரதக் கசிவையும் சோதித்துக்கொள்வது அறிவுடைமை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுச் செய்துகொள்ளலாம். ஜிம் மாஸ்டர் சொன்னார், சமூக ஊடகத்தில் ஒருவர் காட்டினார் என்று ஸ்கூப்பைப் பெருக்குபவர்கள் இந்த ஒரு சோதனையையாவது செய்துகொள்ள வேண்டும். பொடியில் தொடங்கி ஸ்டீராய்டு ஊசியில் முடியும் பாதையைப் பற்றி இரண்டாம் பேச்சே இல்லை. அது இதயத்தோடு ஆடும் சூதாட்டம்.

வயதானவர்கள் பாரம் தூக்கினால் முட்டி தேயும், முதுகு பிடிக்கும், எலும்பு முறியும் என்பது அடுத்த ஆட்சேபம். அன்பினால் வரும் ஆட்சேபம் என்பதால் இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்று எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரை வாரம் இரு முறை அரை மணி நேரம் கனமான எடைகளைத் தூக்க வைத்தார்கள். எட்டு மாதங்களில் அவர்களின் கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலகுவான பயிற்சி செய்த மற்ற பிரிவுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. பயிற்சியால் வந்த தொல்லை ஒரே ஒருவருக்கு, லேசான முதுகுப் பிடிப்பு. 2018இல் வெளியான இந்த ஆய்வில் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கற்றுத்தந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டு, 108 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, உடற்பயிற்சியால் முதியோர் விழுவது 23 விழுக்காடு குறைவதாகக் கண்டது. எச்சரிக்கை தேவைப்படுபவர்கள் உண்டு: கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் மாரடைப்பு, கண் அறுவை சிகிச்சை, குடலிறக்கம் போன்றவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. இவற்றைத் தாண்டி, முதியவருக்குப் பயிற்சியில் உள்ள ஆபத்தையும் நாற்காலியில் உள்ள ஆபத்தையும் தராசில் வைத்தால் நாற்காலியின் தட்டுதான் தாழும்.

வீட்டு வேலையும் காலை நடையும் போதாதா என்று கேட்பவர்களே அதிகம். நடை இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது. அதை விடும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால், இருபது ஆண்டுகளாக ஒரே பூங்காவை ஒரே வேகத்தில் சுற்றுபவரின் கால்களுக்குப் புதுச் சேதி எதுவும் போவதில்லை. தோளுக்கும் கைக்கும் ஒன்றுமே போவதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், வாரம் 150 நிமிட நடை போன்ற பயிற்சியைச் சொல்லிவிட்டு, வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி என்பதைத் தனியாகச் சொன்னது. ஆட்டுக்கல், அம்மி, உலக்கை, கிணற்று வாளி என்று ஒரு காலத்தில் வீட்டு வேலையே பாரமாக இருந்தது உண்மை. அந்தப் பாரத்தை மிக்சியும் மோட்டாரும் எடுத்துக்கொண்டன. பெண்களின் முதுகு அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இன்று மிஞ்சியிருப்பது நின்று களைக்கும் வேலை. களைப்பு வேறு, பயிற்சி வேறு. கட்டுமானத்திலும் வயலிலும் சுமை தூக்குபவருக்கும் இது பொருந்தும்: ஒரே பக்கத் தோளில், ஓய்வின்றி, போதிய உணவின்றிச் சுமப்பது உடலைத் தேய்க்கும். பயிற்சி என்பது அளவாக ஏற்றி, இடைவெளி விட்டு, மறுபடி சற்றே கூட்டுவது. அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களை இப்படிப் படிப்படியாக எடை ஏற்றியே நடக்க வைத்து, 1940களில் இந்த முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அதன் சாரம் நம் ஊர்களுக்குப் புதிதில்லை. கர்லாக்கட்டையில் சிறியதைச் சுழற்றிப் பழகிவிட்டுத்தான் பெரியதைத் தொடுவார்கள். இளவட்டக்கல்லையும் யாரும் முதல் நாளே தோளுக்கு ஏற்றிவிடுவதில்லை. முழங்கால் வரை, இடுப்பு வரை, மார்பு வரை என்று பழகித்தான் ஏற்றுவார்கள். நாம் செய்த பிழை, அந்தக் கல்லை இளவட்டங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியதுதான்.

வயதுக்குத் தக்கபடி இதன் நோக்கம் மாறும். இருபதுகளில் சேர்ப்பது வைப்புத்தொகை. அந்த வயதில் சேர்த்த தசையும் எலும்பும் கடைசி வரை வட்டி தரும். முப்பதிலிருந்து ஐம்பது வரை வேலையும் பிள்ளைகளும் நேரத்தைத் தின்னும் காலம். அப்போது இருப்பைக் காப்பாற்றினாலே பெரிது, அதற்கு வாரம் இரு முறை அரை மணி நேரம் போதும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு எலும்பும் தசையும் சேர்ந்து சரியும். பயிற்சி மிகவும் தேவைப்படும் இந்தக் கட்டத்தில்தான் பெண்களுக்கு அது மிக அரிதாகக் கிடைக்கிறது. எடை தூக்கினால் ஆண்போல ஆகிவிடுவோம் என்ற தயக்கத்துக்கு உடலியல் இடம் தருவதில்லை. அந்த அளவுக்குத் தசை பெருக்கத் தேவையான டெஸ்டோஸ்டீரான் பெண்ணுடலில் இல்லை. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் போட்டிகளில் பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். யாருடைய பெண்மையும் அங்கே குறைந்துவிடவில்லை. அறுபதுக்குப் பிறகு நோக்கம் இன்னும் தெளிவு: பிறர் கையை எதிர்பாராமல் குளியலறைக்குப் போய் வருவது. இவற்றில் எதற்கும் ஜிம் சந்தா கட்டாயம் இல்லை. தசை களைக்கும் அளவுக்குச் செய்தால் லேசான எடையும் கனமான எடையைப் போலவே தசையை வளர்க்கிறது என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தண்டால், படியில் ஏறி இறங்குதல், தண்ணீர் நிரப்பிய பாட்டிலையோ அரிசிப் பையையோ தூக்கி இறக்குதல் என்று நான்கைந்தைத் தெரிந்துகொண்டால் வீடே போதும். எளிதாகிவிட்டதென்றால் கூட்ட வேண்டும். அந்த ஒரு விதிதான் முக்கியம்.

இதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் விட்டுவிட்டால், நேரமும் வசதியும் உள்ளவர்கள் செய்வார்கள், மற்றவர்கள் விழுவார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் கணிப்பின்படி 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம். 2031இல் அது 18.2 விழுக்காடாகும். இந்த எண்ணிக்கையை மருத்துவமனைக் கட்டில்களால் சமாளிக்க முடியாது. இருக்கும் ஏற்பாடுகளிலேயே வழி உண்டு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் போகின்றன. இரத்த அழுத்தம் பார்க்கும் அதே வருகையில் கைப்பிடி வலுவையும் நாற்காலியிலிருந்து எழும் திறனையும் அளந்து, ஐந்து பயிற்சிகளைக் கற்றுத்தர முடியும். அதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். பூங்காக்களில் நிறுத்தி வைத்திருக்கும் உடற்பயிற்சிக் கருவிகளுக்குப் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், அவை பிள்ளைகளின் ஊஞ்சலாகிவிட்டன. வாரம் இரண்டு மாலை ஒரு பயிற்றுநரை அமர்த்தினால் அவற்றுக்கு உயிர் வரும். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வாராந்திரக் கூட்டம் பதினைந்து நிமிடம் பயிற்சியோடு தொடங்கலாம். ரேஷன் கடையில் பருப்பின் அளவைக் கூட்டுவதும், புரதப் பொடிகளை உணவுப் பாதுகாப்புத் துறை தொடர்ந்து சோதித்து முடிவைப் பெயரோடு வெளியிடுவதும் அரசின் பக்கத்து வேலைகள்.

நம் பக்கத்து வேலை இன்று மாலையே தொடங்கலாம். கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று மறுபடி உட்காருங்கள். அரை நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். பிறகு வீட்டிலுள்ள பெரியவரை அருகில் நின்று பார்த்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். ஒரு முறைகூட எழ முடியவில்லையென்றால், நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயர்த்தி அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வாரம் ஒன்றாக எண்ணிக்கை கூடட்டும். பிறகு தலையணை ஒவ்வொன்றாகப் போகட்டும். பயிற்சி முடித்து வந்து உட்காருகிறவருக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொடுங்கள்.